கறிக்கோழி குடலில் இருக்கும் கிருமிகள்: பண்ணைக்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கம் கறிக்கோழி ஷெட்டுகளுக்கு சூப்பர்வைசராகப் பல வருடம் போய்வந்தவன் நான். இப்போது சொந்தமாக ஒரு ஷெட். வேலையை விட்ட பிறகும் போன் நிற்கவில்லை, அதில் பாதி குடலைப் பற்றித்தான். கழிச்சல், எடை வரவில்லை, அந்த பாக்கெட் வாங்கலாமா இந்த பாக்கெட் வாங்கலாமா. ஒரே பதிலை நூறு தடவை சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முட்டைக்கோழிக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் நான் பார்த்தது கறிக்கோழி.

1. குடலுக்குள்ள கிருமி இருக்குன்னா அது நோய்தானுங்களே? கொல்ல வேண்டியதை எதுக்கு வளர்க்கணும்?

குடலில் இருப்பதில் பெரும்பான்மை நோய்க்கிருமி கிடையாது. கோழி தின்பதில் மிச்சம் மீதியைத் தின்று பிழைக்கிற பாக்டீரியாக்கள். அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதால்தான் கெட்டது உள்ளே வந்தாலும் உட்கார இடம் கிடைக்காமல் வெளியே போகிறது. காலியான நிலத்தில் முதலில் பார்த்தீனியம் முளைக்கும், பயிர் நெருக்கமாக நின்றால் முளைக்காது, அப்படித்தான்.

இடத்துக்கு இடம் ஆள் மாறும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் லாக்டோபேசில்லஸ் வகை அதிகம், அது சுரக்கும் அமிலத்தால் அந்த இடமே கொஞ்சம் புளிப்பாக இருக்கும். அடுத்து அரைவைப்பை வரைக்கும் கடும் அமிலம், அங்கே நிறைய செத்துப்போகும். சிறுகுடலில் ஒரு கிராமுக்கு 10 கோடியிலிருந்து 100 கோடி வரை இருக்கும். கடைசியில் இரண்டு வால் மாதிரி தொங்குகிறதே குருட்டுக்குடல், அதுதான் தலைநகரம். அங்கே ஒரு கிராமுக்கு 10,000 கோடி வரை போகும். கோழி அறுக்கும்போது ஒரு தடவை அதைத் தனியாக எடுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் சரக்கில் கணிசமான பங்கு பாக்டீரியாதான்.

2. முட்டைக்குள்ள இருந்து வர்ற குஞ்சுக்கு இதெல்லாம் எங்கிருந்து வருது?

இதுதான் உண்மையில் முக்கியமான கேள்வி. குஞ்சு பொரியும்போது அதன் குடல் கிட்டத்தட்ட காலி. நாட்டுக்கோழி அடை உட்கார்ந்து 21 நாளில் பொரித்தால், குஞ்சு ஓட்டை உடைத்த நிமிடமே தாயின் இறகு, எச்சம், அது கிளறும் மண் எல்லாவற்றிலும் மூக்கை வைக்கிறது. தாயின் குடலில் இருப்பது அப்படியே குஞ்சுக்குக் கைமாறிவிடும்.

நம் குஞ்சுக்குத் தாய் கிடையாது. ஹேச்சரியில் மருந்துப்புகை போட்ட முட்டை, மெஷினில் பொரிந்து, டிரேயில் விழுந்து, பெட்டியில் ஏறி, வேனில் வந்து, உங்கள் மஞ்சியில் (தரையில் பரப்பும் தென்னைநார்க் கழிவுப் படுக்கை) இறங்குகிறது. அதன் வாயில் முதலில் எது படுகிறதோ அதுதான் முதல் குடி. ஹேச்சரி டிரேயில் இருந்தது, பெட்டியில் ஒட்டியிருந்தது, உங்கள் நிப்பிள் குழாயில் (கோழி கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குழாய்) இருந்தது, நேற்று ஷெட்டுக்குள் போன உங்கள் செருப்பில் இருந்தது. செக் நாட்டில் ஒரு ஆய்வில் பொரித்த குஞ்சை வளர்ந்த கோழியோடு ஒரே ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். அந்த 24 மணி நேரமே குருட்டுக்குடல் கூட்டத்தை மாற்றப் போதுமாக இருந்தது. தாய் ஒரு நாளில் செய்வதை நாம் ஷெட்டை வைத்து ஒப்பேற்றுகிறோம். இனி வரும் பதில்கள் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்துக்கே திரும்பி வரும்.

3. முதல் வாரம் முதல் வாரம்னு எல்லாரும் சொல்றீங்களே, அப்படி என்னதான் நடக்குது?

முதல் ஒன்றிரண்டு நாளில் ஈ.கோலை, எண்டரோகாக்கஸ் மாதிரி ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரிந்தவை வேகமாகப் பெருகும். ஈ.கோலை என்றதும் பயப்பட வேண்டாம், எல்லா ஈ.கோலையும் நோய் தராது. அவை குடலில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அதன் பிறகுதான் ஆக்சிஜன் பட்டாலே சாகிற வகைகள் வந்து குடியேற முடியும். சிறுகுடலில் லாக்டோபேசில்லஸ் சீக்கிரமே ஆதிக்கத்துக்கு வந்துவிடும், இரண்டு மூன்று வாரத்தில் ஓரளவு நிலைத்துவிடும். குருட்டுக்குடல் மெதுவானது, அங்கே ஆள் மாறிக்கொண்டே இருக்கும், சில வகைகள் நாம் கோழியை லாரியில் ஏற்றும் நாள் வரைக்கும் வந்து சேராமலேகூடப் போகலாம்.

இன்னொரு பக்கம் குடலே அந்த வாரத்தில்தான் வளர்கிறது. உள்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் சத்தை உறிஞ்சுகிற பரப்பு. அது நீளமாவதும் மடிவதும் முதல் வாரத்தில் அசுர வேகத்தில் நடக்கும். 42 கிராமில் இறங்கிய குஞ்சு ஏழாம் நாள் நான்கு, நான்கரை மடங்கு ஆகிறது என்றால், உடம்பை விட வேகமாகக் குடல் வளர்வதால்தான். கிருமியும் குடலும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்கிற வாரம் அது. அப்போது கெட்டதை, கெட்டது மட்டுமே என்று சொல்ல மாட்டேன், தேவையில்லாததை உட்காரவைத்துவிட்டால் அப்புறம் நகர்த்துவது கஷ்டம்.

4. குஞ்சு இறங்கின உடனே தீனி போடலாமா, இல்ல வெல்லத்தண்ணி மட்டும் குடுத்து நாலு மணி நேரம் விடணுமா?

வெல்லத்தண்ணீர் கொடுப்பதில் தப்பில்லை, நீண்ட தூரம் வந்த குஞ்சுக்குத் தெம்பு வரும். ஆனால் தீனியை வேண்டுமென்றே தள்ளிப்போடாதீர்கள். "வயிற்றில் மஞ்சக்கரு இருக்கே, அது கரைஞ்ச பிறகு போடலாம்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நடப்பது நேர் எதிர். தீனி உள்ளே போனால்தான் குடல் அசையும், குடல் அசைந்தால்தான் மிச்ச மஞ்சள் கருவும் சீக்கிரம் உள்ளே போகும். ஒன்றிரண்டு நாள் பட்டினி கிடந்த குஞ்சின் குடலுறிஞ்சிகள் குட்டையாகவே நிற்கும்.

சோதிப்பது சுலபம். இறக்கி 24 மணி நேரம் கழித்து ஷெட்டின் பல மூலையிலிருந்து குஞ்சுகளைப் பிடித்துத் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். நூற்றுக்கு 95க்கு மேல் மெத்தென்று நிரம்பியிருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தீனி தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் சூடு போதவில்லையா என்று பாருங்கள். குஞ்சின் காலை உங்கள் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருந்தால் புரூடர் (குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்பு) சூடு பத்தவில்லை. குளிரில் ஒடுங்கி நிற்கும் குஞ்சுக்கு எந்த பாக்கெட்டும் வேலை செய்யாது.

5. தீனியைத் திங்கறது கோழி. எடை போடறதும் கோழி. கிருமிக்கு இதுல என்ன வேலை?

கிருமி கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிற ஆள். சில நேரம் கூலி அதிகம், வேலை கம்மி.

கூலி என்ன? சிறுகுடலில் கோழி உறிஞ்ச வேண்டிய மாவுச்சத்திலும் புரதத்திலும் அதுவும் பங்கு எடுக்கிறது. கோழி கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரை விடுகிறது, சில பாக்டீரியாக்கள் அந்தப் பித்த உப்பைச் சிதைத்துவிடும், அப்போது எண்ணெய்ச் சத்து ஏறுவது குறைகிறது. இதில் வேடிக்கை, நாம் நல்லது என்று கொண்டாடும் லாக்டோபேசில்லஸ் கூட்டத்திலும் இதைச் செய்பவை உண்டு. மூன்றாவது, எதிர்ப்பு சக்திச் செலவு. சுவர் பக்கத்தில் கிருமி அதிகமாக உரசினால் உடம்பு அதை எதிர்த்துக்கொண்டே இருக்கும், குடல்சுவரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்து கறிக்குப் போயிருக்க வேண்டியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகள் சாதாரணக் குஞ்சை விடக் கொஞ்சம் வேகமாக வளர்ந்ததை 1960களிலேயே பார்த்துவிட்டார்கள். அவற்றின் குடல்சுவர் மெல்லியதாக இருந்தது.

அப்படியென்றால் கிருமியே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கோழி கூண்டை விட்டு வெளியே வந்தால் நோய்க்குச் சுலபமாக இரையாகும். கிருமி செய்யும் வேலை பெரும்பாலும் குருட்டுக்குடலில்தான். கோழியால் செரிக்க முடியாத நாரை அது புளிக்கவைத்து பியூட்டிரிக் அமிலம் மாதிரியானவற்றைத் தருகிறது. குடல்சுவரின் செல்களுக்கு அதுவே சாப்பாடு, சுவர் இறுக்கமாக நிற்கிறது. இன்னொன்று எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும். கோழியின் சிறுநீர்ச் சரக்கு (அந்த வெள்ளை) ஆசனவாய்ப் பையிலிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டு குருட்டுக்குடல் வரைக்கும் போகும். அங்கே பாக்டீரியா அந்த யூரிக் அமிலத்தை உடைத்து நைட்ரஜனை மறுபடி பயன்படுத்துகிறது. வீணாகிப் போவதையே திருப்பி எடுத்து வேலை பார்க்கிற சிக்கனம்.

6. எச்சம் காபிப்பொடி கலர்ல பிசுபிசுன்னு இருக்கு. கழிச்சல்தானே?

இல்லை. குருட்டுக்குடல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தன்னைக் காலிசெய்துகொள்ளும், அந்த எச்சம் அப்படித்தான் இருக்கும், நாற்றமும் தூக்கலாக இருக்கும். அதைப் பார்த்து மருந்து ஊற்றியவர்கள் நிறையப் பேர். ஒழுங்கான குருட்டுக்குடல் எச்சம் நல்ல அறிகுறி.

7. அப்ப எந்த எச்சத்தைப் பார்த்தா பயப்படணும்?

சாதாரண எச்சம் உருட்டாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். அதில் மக்காச்சோளத் துகள் அப்படியே தெரிந்தால் செரிமானம் சரியில்லை. ஆரஞ்சு நிறத்தில் சவ்வு மாதிரி கலந்து வந்தால் குடல்சுவர் உரிந்து வருகிறது. ரத்தம் என்றால் ரத்தக்கழிச்சல், அது பாக்டீரியா இல்லை, ஐமீரியா என்கிற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். குருட்டுக்குடல் எச்சம் காபி நிறம் மாறி வெளிறி, நுரையோடு வந்தால் அங்கே தேவையில்லாத சரக்கு போய்ப் புளிக்கிறது என்று அர்த்தம். செரிக்காத புரதமோ மாவோ மேலிருந்து வழிகிறது.

ஒரு எச்சத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலையில் ஷெட்டுக்குள் போனதும் நாலு இடத்தில் குனிந்து பார்த்து, நேற்றை விட மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

8. தீனியில ஆன்டிபயாடிக் கலந்தா எடை கூடுச்சுங்கிறாங்களே, அது நிஜமா?

நிஜம், அது கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு தற்செயல். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழித்தீனிக்கு வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் மருந்து தயாரித்த பிறகு மிஞ்சிய சக்கையைக் குஞ்சுக்குக் கொடுத்தால், பி12 கணக்குக்கு மேலேயே வளர்ந்தது. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம். டன்னுக்குச் சில கிராம் போட்டாலே போதும் என்று தெரிந்ததும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஐந்தாவது பதிலில் கூலி என்று சொன்னேனே, அந்தக் கூலியைக் குறைத்ததுதான் மருந்து செய்தது. கிருமியில்லாத கூண்டுக் கோழிக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது வளர்ச்சி கூடவில்லை. ஆக மருந்து கோழியை வளர்க்கவில்லை, கிருமியைத்தான் அடக்கியது.

இதற்கு விலை மனிதன் கொடுக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைப் பார்த்துப் பழகிய பாக்டீரியா, மருந்துக்கே அடங்காததாக மாறும். ஸ்வீடன் 1986லேயே வளர்ச்சிக்காகக் கலப்பதை நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் தடை. நம் நாட்டில் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் தடை வந்தது, மனிதனுக்கு எதுவும் கேட்காதபோது கடைசியாகப் போடும் மருந்து அது. டென்மார்க்கில் 1998லேயே கறிக்கோழிக்கு நிறுத்தினார்கள். பண்ணைத்தொழில் படுத்துவிடவில்லை, தீனிச் செலவு மட்டும் இத்துனூண்டு கூடியது.

9. எங்க சூப்பர்வைசர் முதல் மூணு நாள் தண்ணியில ஆன்டிபயாடிக் ஊத்தச் சொல்றாரு. நானும் ஊத்தறேன். சரிதானா?

நானும் ஒரு காலத்தில் ஊற்றச் சொன்னவன்தான், அதனால் அவரைத் திட்ட மாட்டேன். தொப்புள் சரியாக மூடாத, நாற்றமடிக்கும் குஞ்சு நிறைய வந்து, டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சடங்கு மாதிரி ஊற்றுவது, மூன்றாவது பதிலில் சொன்ன அந்தக் குடியேற்றத்தை நடுவில் கலைப்பது. ஈ.கோலையோடு சேர்த்து லாக்டோபேசில்லஸும் போகும். மருந்து நின்ற நாலாம் நாள் இடம் காலி, முதலில் யார் வருகிறார்களோ அவர்கள் இடம். கலைத்துவிட்டு ஐந்தாம் நாள் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) பாக்கெட் வாங்குகிறவர்களும் உண்டு, இரண்டுக்கும் காசு நம்மிடமிருந்துதான்.

10. கல்யாண வீட்ல எல்லாரும் கேக்கறாங்க, பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுவீங்களாமே?

போடுவதில்லை. ஐயாயிரம் கோழியைத் தினம் பிடித்து ஊசி போட ஆள் எங்கே இருக்கிறது, இருக்கிற ஆளுக்கே கூலி கட்டுபடியாகவில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீனியில் கலந்தால் பருப்பு மாதிரி செரித்துப்போகும்.

வேகம் வந்தது இனத்தேர்வால். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்து இனங்களை ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது சுமார் 0.9 கிலோ, இரண்டாவது 1.8, மூன்றாவது 4.2 கிலோ. ஜனங்கள் பயப்படுவதற்கு விஷயம் வேண்டுமென்றால் எட்டாவது பதிலைக் காட்டுங்கள், அது உண்மையான விஷயம்.

11. புரோபயாடிக் பாக்கெட் நூத்துக்கணக்குல வருது. எதை வாங்கறது?

பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது, ஒரு கிராமுக்கு எத்தனை உயிர், எந்த மாதம் காலாவதி என்று பாருங்கள். தீனியில் கலக்கப்போகிறீர்களா, தண்ணீரிலா என்பதைப் பொறுத்து மாறும். குருணைத்தீனி தயாரிக்கும்போது நீராவியில் 80 டிகிரி வரை சூடாகும், லாக்டோபேசில்லஸ் அதில் பிழைக்காது. பேசில்லஸ் சப்டிலிஸ் மாதிரி வித்து உறை போட்டுக்கொள்ளும் வகை பிழைத்துவிடும். கம்பெனி (குஞ்சும் தீனியும் தந்து நமக்கு வளர்ப்புக் கூலி கொடுப்பது) தரும் தீனியில் ஏற்கெனவே அது இருக்க வாய்ப்பு அதிகம், கேட்டுவிட்டு வாங்குங்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டாம்.

அப்புறம், வளர்ந்த கோழிக்கு ஒரு நாள் ஊற்றிவிட்டு அது உள்ளேயே தங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். தின்றது ஐந்தாறு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், பெரும்பாலான பாக்கெட் பாக்டீரியாவும் அதோடு போய்விடும். இருக்கும் வரை வேலை செய்யும். இடம் காலியாக இருக்கும் நேரத்தில், அதாவது முதல் சில நாட்களிலும் மருந்து கொடுத்து முடித்த பிறகும் கொடுத்தால்தான் காசுக்கு அர்த்தம்.

12. மோர் ஊத்தலாமுங்களா? எங்கம்மா நாட்டுக்கோழிக்கு ஊத்துவாங்க.

நாலு நாட்டுக்கோழிக்கு மண் சட்டியில் ஊற்றி, மாலையில் கழுவி வைத்தால் ஒன்றும் ஆகாது. தயிரில் இருக்கும் பாக்டீரியா பாலில் வாழப் பழகியது, கோழிக்குடலில் தங்காது, ஆனால் புளிப்பு கொஞ்சம் உதவும். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கோழிக்குக் கிடையாது, அதனால் அது நேராகக் குருட்டுக்குடலுக்குப் போய் அங்கே இருப்பவைக்குத் தீனியாகும். அளவு மிஞ்சினால் தண்ணியாகக் கழியும். ஷெட்டில் நிப்பிள் குழாயில் மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஒருவர் ஊற்றிவிட்டு மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார், குழாயைக் கழற்றினால் உள்ளே கையில் வழுக்கும் கொழகொழப்பு, வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

13. தண்ணிக்கு குளோரின் போடறோமே, நல்ல கிருமியும் செத்துடாதா?

குடலுக்குள் போவதற்குள் குளோரின் அநேகமாகச் செலவாகிவிடும், நிப்பிள் முனையில் 2, 3 பிபிஎம் இருந்தால் கோழிக்கு ஒன்றும் செய்யாது. பிரச்சினை, புரோபயாடிக்கையோ உயிர்த் தடுப்பு மருந்தையோ அதே தண்ணீரில் கலந்தால்தான். அந்த நாட்களில் குளோரினை நிறுத்திவிடுங்கள், லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பில்லாத பால்பவுடர் போட்டால் மிச்சக் குளோரினும் அடங்கிவிடும். முடிந்ததும் குழாயைக் கழுவிவிடுங்கள், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

நம் பக்கத்து போர் தண்ணீர் கடினம், உப்பு அதிகம், பிஎச் 8ஐத் தாண்டினால் குளோரின் பெயருக்குத்தான் இருக்கும், வேலை செய்யாது. கொஞ்சம் அமிலம் சேர்த்து பிஎச்சை இறக்கினால் அதே குளோரின் வேலை செய்யும். அப்புறம் குழாயின் உள்சுவரில் படிந்திருக்கும் வழுவழுப்புப் படலம், அது பாக்டீரியா கட்டிக்கொள்ளும் வீடு, வெறும் குளோரினுக்கு அசையாது. பேட்ச் முடிந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை நிரப்பி ஊறவைத்து, வேகமாகத் தண்ணீர் விட்டு அடித்துத் தள்ள வேண்டும். புது மஞ்சி, புது பெயிண்ட் என்று செலவு செய்து, குழாயை விட்டுவிட்டவர்களின் குஞ்சு முதல் சொட்டிலேயே போன பேட்ச்சின் நோயைக் குடிக்கிறது.

14. அமெரிக்காவுல மஞ்சியை மாத்தாம பேட்ச் பேட்ச்சா அதுலயே விடறாங்களாம். நல்ல கிருமி பழகிடுமாம். நாமும் விடலாமா? மஞ்சி விலை விக்கற விலைக்கு!

அங்கே அப்படிச் செய்வது உண்மை, ஒரே படுக்கையில் பல பேட்ச் ஓட்டுவார்கள். பழைய படுக்கையில் இறங்கிய குஞ்சுக்கு வளர்ந்த கோழியின் குடல் கூட்டம் சீக்கிரம் வருகிறது என்பதும் உண்மை. ஒரு வகையில் இரண்டாவது பதிலில் சொன்ன தாயின் வேலையை முந்தைய பேட்ச் செய்கிறது.

ஆனால் தாய் ஒரு கோழி, பழைய மஞ்சி ஐயாயிரம் கோழியின் எச்சம். நல்லதோடு ரத்தக்கழிச்சல் முட்டைகள், கம்போரோ (குஞ்சின் எதிர்ப்பு சக்தியைக் கெடுக்கும் நோய்) வைரஸ் எல்லாம் அதில் காத்திருக்கும், கம்போரோ மாதக்கணக்கில் சாகாது. ஈரமான பழைய மஞ்சியில் அம்மோனியா எழுந்து கண்ணை எரிக்கும். அவர்கள் பேட்ச்சுக்கு இடையில் குவித்துச் சூடேற்றுவது, அமிலம் தூவுவது என்று தனி வேலை செய்கிறார்கள். நாம் அப்படியே விட்டால் நம் வளர்ப்புக் கூலியில் கைவைக்கும். எருவாக விற்றால் வரும் காசு உறுதியான காசு.

15. தாய் எச்சம் நல்லதுன்னா, நாட்டுக்கோழி எச்சத்தைக் கரைச்சு தெளிச்சா என்ன?

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரிப் பையன், நான் சிரித்துவிட்டேன், அப்புறம் யோசித்தால் சரியான கேள்வி. 1971 வாக்கில் பின்லாந்தில் சால்மனெல்லா ஒரு வகை கறிக்கோழியில் பரவியது. அங்கே எஸ்கோ நூர்மியும் ரண்டலாவும் வளர்ந்த கோழியின் குடல் சரக்கை எடுத்துப் புதுக்குஞ்சுக்குக் கொடுத்தார்கள், அந்தக் குஞ்சுகளில் சால்மனெல்லா உட்கார முடியவில்லை. 1973இல் நேச்சர் இதழில் வந்தது. இன்றைக்கும் இந்த வழியை நூர்மி பெயராலேயே சொல்வார்கள்.

ஆனால் அவர்கள் தெருக்கோழி எச்சத்தைக் கரைக்கவில்லை. அதிலிருந்து பிறகு தயாரித்து விற்றவர்கள், நோய் எதுவும் இல்லை என்று சோதித்த கோழிகளிடமிருந்து எடுத்து, வளர்த்து, மறுபடி சோதித்துத் தந்தார்கள். உங்கள் வாசல் கோழி எச்சத்தில் வெள்ளைக்கழிச்சல் வைரஸ், புழு, ஐமீரியா எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம்.

16. இருவது நாள் வரை நல்லா இருந்துச்சு, திடீர்னு சாகுது. அறுத்தா குடல் உப்பி, உள்ள டர்க்கி டவல் மாதிரி இருக்கு. வெளியிலிருந்து என்ன வந்துச்சு?

அநேகமாக வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா, நல்ல கோழியின் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான். அது பல அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்கத் தெரியாதது, அதனால் புரதம் கிடைத்தால் மட்டுமே கொழுக்கும். கிடைத்துவிட்டால் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் சில ரகங்கள் விடும் நச்சு குடல்சுவரில் ஓட்டை போட்டு அழுகவைக்கிறது. நெட்-பி என்ற அந்த நச்சை ஆஸ்திரேலியாவில் 2008இல்தான் பிடித்தார்கள்.

அதற்குப் புரதம் யார் கொடுத்தது என்பதுதான் தேட வேண்டியது. பெரும்பாலும் லேசான ரத்தக்கழிச்சல், ரத்தம் கண்ணில் படாத அளவு. ஒட்டுண்ணி சுவரைக் கிழித்ததும் ரத்தநீர் கசிகிறது, அதுவே விருந்து. சில நேரம் தீனியில் தரமில்லாத கருவாட்டுத்தூள், சில நேரம் மக்காச்சோளம் கிடைக்காமல் கோதுமை அதிகம் போட்டது. கோதுமையின் ஒரு வகை நார் குடலில் பசை மாதிரி கெட்டியாகி, சரக்கு நகராமல் நிற்கும், அதற்கான நொதி சேர்க்கவில்லையென்றால் இதே கதை. சாவதை நிறுத்த டாக்டர் மருந்து தருவார், உடனே கொடுங்கள். அடுத்த பேட்ச்சில் வராமலிருக்க மஞ்சி ஈரத்தைப் பாருங்கள், ஐமீரியா முட்டை பக்குவமாவதற்கு ஈரம் வேண்டும்.

இதில் ஆள் கொல்லி சத்தமில்லாத வடிவம்தான். ஒன்றும் சாகாது, எடை மட்டும் நூறு, நூற்றைம்பது கிராம் குறையும், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீனி) ஏறும், கம்பெனி கணக்கில் ஊக்கத்தொகை போகும், நாம் குஞ்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

17. சித்திரை வெயில்ல எச்சம் தண்ணியா போகுது, இதுக்கும் கிருமிதான் காரணமா?

முதல் காரணம் அது குடிக்கிற தண்ணீர். ஆனால் உள்ளேயும் ஒன்று நடக்கிறது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோல் பக்கம் ஓடும்போது குடலுக்கு ரத்தம் குறைகிறது, சுவரின் இணைப்புகள் தளர்ந்து உள்ளே இருக்க வேண்டியது கசிகிறது. மதியம் தீனியைத் தூக்கிவிட்டு மாலையில் போடும் வழக்கம் நல்லது, ஆனால் பசியில் ஒரே மூச்சில் அமுக்கும், அதனால் விளக்குப் போட்டு விடியற்காலையிலேயே தின்ன வையுங்கள்.

18. ஒரே கம்பெனி குஞ்சு, ஒரே தீனி. எனக்கு 2 கிலோ, பக்கத்து ஷெட்டுக்கு 2.2. நல்லா வளர்ற கோழியோட கிருமி எதுன்னு டெஸ்ட் பண்ணி அதை மட்டும் குடுக்க முடியாதா?

விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்டார்கள். எஃப்சிஆர் நல்லதாக வந்த கோழி, மோசமாக வந்த கோழி, இரண்டின் குருட்டுக்குடலையும் எடுத்து மரபணுவை வாசித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு சோதனையிலும் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் ஒரு சோதனையில் நல்ல கோழியில் இருந்த பட்டியல் அடுத்த சோதனையில் அப்படியே வரவில்லை. ஒரே இனம், ஒரே தீனி, ஒரே கட்டடம் என்று வைத்தாலும் பேட்ச்சுக்கு பேட்ச் கூட்டம் மாறியது. ஏன் என்றால் இரண்டாவது பதில்தான். தாய் இல்லாததால் முதல் குடி யார் என்பது ஒவ்வொரு முறையும் குலுக்கல் சீட்டு.

அதனால் எடை கூட்டும் கிருமி இதுதான் என்று ஒற்றைப் பெயரைச் சொல்லி விற்க வருபவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். 200 கிராமுக்குக் காரணம் தேடுவதாக இருந்தால் பக்கத்து ஷெட்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அவருடைய ஏழாம் நாள் எடை எவ்வளவு, குஞ்சு வருவதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் புரூடரைப் போட்டார், குழாயைக் கடைசியாக எப்போது கழுவினார். ஏழாம் நாளிலேயே 20 கிராம் வித்தியாசம் இருந்தால் கடைசி நாள் வித்தியாசம் எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும். ஏழாம் நாள் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தால் பதினாறாவது கேள்விக்குப் போங்கள்.